மரக் கிதாரா, கரியிழைக் கிதாரா?

சாலைக் கம்போளத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் பலசரக்குக் கடை நடத்தியவன் நான். மழைக்காலம் பிறந்துவிட்டதா என்று அறிய நான் வானத்தைப் பார்த்ததில்லை. உப்பு மூட்டையைத் தொட்டுப் பார்த்தால் போதும். இடவப்பாதி தொடங்கியதும் உப்பு கசியும், மிளகாய் வற்றல் துவளும், அப்பளம் பதம் கெட்டுப் போகும். இவற்றையெல்லாம் தகர டின்னில் அடைத்துக் காப்பாற்றத் தெரிந்த எனக்கு, ஆரியசாலை வீட்டுச் சுவரில் தொங்கிய ஒரு மரப்பெட்டியும் அதே ஈரக்காற்றைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறது என்பது மட்டும் தோன்றவில்லை. அந்த மரப்பெட்டி என் பேத்தியின் கிதார்.

பிள்ளைகளுக்கு இசைக்கருவி வாங்க நினைக்கும் நம் சங்கக் குடும்பங்களுக்கு என் அனுபவம் பயன்படக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

பேத்தி பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றபோது வாங்கிக் கொடுத்த கிதார் அது. விலை கூடினால் தரமும் கூடும் என்பது வியாபாரியின் நம்பிக்கை. ஆகவே மேற்பலகை முழு மரத்தாலான கிதாரையே கேட்டு வாங்கினேன். முதல் ஆண்டு வீடு முழுவதும் பாட்டுத்தான். இரண்டாம் மழைக்காலத்துக்குப் பிறகு அவள் அதைத் தொடுவதே குறைந்தது. "விரல் வலிக்குது தாத்தா" என்றாள். நான் நம்பவில்லை. "ஆரம்பத்திலே எல்லாருக்கும் ஆசைதான், பிறகு சோம்பல்" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். அவள் பதில் பேசவில்லை. எட்டு மாதம் கிதார் சுவரிலேயே கிடந்தது.

பின்னர் ஒருநாள் கம்பிகளைத் தாங்கும் குதிரை பிய்ந்துகொண்டு வந்துவிட்டது. பழுது பார்ப்பவரிடம் எடுத்துச் சென்றேன். அவர் ஒரு சிறு அளவுகோலைப் பன்னிரண்டாம் மெட்டின் மேல் வைத்துக் காட்டினார். கம்பிக்கும் மெட்டுக்கும் இடையே இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டுமாம். இதிலோ ஏறத்தாழ ஐந்து! "இதை வாசிச்சா பெரியவங்க விரலே வலிக்கும். குழந்தை எப்படி வாசிச்சது?" என்று கேட்டார். நான் தலைகுனிந்து நின்றேன்.

மரம் ஏன் மாறுகிறது?

வெட்டி, அறுத்து, மெருகிட்ட பின்னரும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது, வறண்டால் வெளியே விடுகிறது. உறிஞ்சும்போது உப்புகிறது, விடும்போது சுருங்குகிறது. அதுவும் நார் ஓடும் திசையில் மிகக் குறைவாகவும், அதற்குக் குறுக்கே அதிகமாகவும் மாறுகிறது. கிதாரின் மேற்பலகை ஏறத்தாழ இரண்டரை, மூன்று மில்லிமீட்டர் கனமே உடையது. ஆறு எஃகுக் கம்பிகளும் சேர்ந்து அதை இழுக்கும் விசையோ எழுபது கிலோ எடைக்குச் சமம்! ஒரு வளர்ந்த மனிதனின் எடையை அந்த மெல்லிய பலகை இரவும் பகலும் தாங்குகிறது.

மரக் கிதாருக்கு ஏற்ற காற்றீரம் 45 முதல் 55 விழுக்காடு வரை என்பார்கள். திருவனந்தபுரத்து மழைக்காலத்தில் அது 80 விழுக்காட்டைத் தாண்டுவது வழக்கம். ஆகவே பலகை மேல்நோக்கிப் புடைக்கிறது, கம்பி உயர்கிறது, பசை விடுகிறது. வறண்ட ஊரில் இதற்கு நேர்மாறு: பலகை உள்வாங்கும், வெடிக்கும், மெட்டுகளின் முனை வெளியே நீட்டிக் கையைக் கீறும்.

கரியிழை என்பது என்ன?

கார்பன் ஃபைபர் என்பதைத்தான் கரியிழை என்கிறேன். அடுப்புக்கரிக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒருவகைச் செயற்கை நூலைக் காற்றுப் படாமல் மிகுந்த வெப்பத்தில் வாட்டினால் பெரும்பாலும் கார்பன் மட்டுமே எஞ்சும். தலைமுடியைவிடப் பன்மடங்கு மெல்லிய அந்த இழைகளைத் துணிபோல் நெய்து, எப்பாக்ஸிப் பிசினில் தோய்த்து, அச்சில் படியவைத்து, சூடாக்கி இறுகச் செய்கிறார்கள். எடை குறைவு, விறைப்பு அதிகம். விமான உறுப்புகளுக்கும் பந்தயக் கார்களுக்கும் பயன்படும் பொருள் இது. காற்றின் ஈரத்தால் மரத்தைப் போல் இது உப்புவதில்லை, சுருங்குவதில்லை.

கிதாரில் மரத்தை விட்டு விலகும் முயற்சி புதிதன்று. ஹெலிகாப்டர் தயாரித்த அமெரிக்கரான சார்லஸ் காமன் 1966இல் தொடங்கிய ஓவேஷன் கிதார்களின் முதுகு கண்ணாடியிழையால் ஆனது. மேற்பலகை மட்டும் மரமாகவே இருந்தது. பின்னர் ஹவாய்த் தீவான மௌயியில் வாழ்ந்த ஜான் டெக்கர் என்ற இயற்பியலாளர், வெயிலும் மழையும் மரக் கிதார்களைப் படுத்தும் பாட்டைக் கண்டு கரியிழையில் முழுக் கிதாரையே செய்ய முற்பட்டார். 1990களில் விற்பனைக்கு வந்த அக்கிதாரின் பெயரே ரெயின்சாங், அதாவது மழைப்பாட்டு. நம்முடையதைப் போன்ற ஈர ஊரில்தான் இந்த எண்ணம் பிறந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒலி எப்படி?

"மரத்தின் இனிமை வருமா?" என்பதே என் முதல் கேள்வியாகவும் இருந்தது. கரியிழையின் ஒலி தெளிவாகவும் பளிச்சென்றும் இருக்கும். மரத்தின் கதகதப்பு அதில் இல்லை என்போர் உண்டு, வேறுபாடே தெரியவில்லை என்போரும் உண்டு. ஆனால் நம் காது கண்ணுக்கு எவ்வளவு அடிமை என்பதை இங்கிலாந்து ஆய்வு ஒன்று காட்டியது. முதுகும் பக்கமும் மட்டும் வெவ்வேறு மரங்களாலான ஆறு கிதார்களை, கருவி சரியாகத் தெரியாதபடி கண்ணாடி அணிவித்து, 52 கலைஞர்களிடம் கொடுத்தார்கள். 2018இல் வெளியான முடிவின்படி, விலையுயர்ந்த மரத்தையும் மலிவான மரத்தையும் அவர்கள் ஏறத்தாழ ஒரே தரமாகவே மதிப்பிட்டார்கள். மேற்பலகை பற்றிய ஆய்வு அன்று இது. ஆயினும் மரத்தின் பெயரைக் கேட்டே மயங்கக் கூடாது என்பதற்கு இது சான்று.

அந்த விலையுயர்ந்த மரங்களில் ஒன்று நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டி. பிரேசில் ஈட்டி கிடைப்பது அரிதானதும், புகழ்பெற்ற மார்ட்டின் நிறுவனம் 1969இல் இந்திய ஈட்டிக்கு மாறியது. 2017 முதல் ஈட்டி இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் வந்தது. 2019இன் இறுதியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. காடு சுருங்கச் சுருங்க வேறு பொருள் தேடுவது தவிர்க்க முடியாததாகும்.

"நம் மரபுக்கு ஒவ்வுமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவுக்கு சுவாதித் திருநாள் மன்னர் 1834இல் இதே ஊரில் தந்த வயலினைப் பரிசளித்தார் என்பது இசை வரலாறு. இன்று மேடைகளில் மின்னணுத் தம்புரா ஒலிக்கிறது. பெங்களூரைச் சேர்ந்த முனைவர் கே. வரதரங்கன் மரமும் தோலும் இல்லாத செயற்கை மிருதங்கத்தையே உருவாக்கியிருக்கிறார். பொருள் மாறினாலும் பாட்டு மாறிவிடவில்லை.

எங்கள் முடிவு

பேத்திக்குக் கனடாவில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. அங்கே குளிர்காலத்தில் சூடாக்கிய அறைகளுக்குள் காற்றீரம் 20 விழுக்காட்டை ஒட்டி இறங்கிவிடுவதுண்டு. இங்கே புடைத்த மரம் அங்கே பிளக்கும். கரியிழைக் கிதாரின் விலையோ நல்ல மரக் கிதாரைவிடப் பெரும்பாலும் அதிகம்; இறக்குமதித் தீர்வையும் சேர்ந்தால் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டலாம். என் மனைவி அவளுக்கு வளையல் செய்யச் சிட்டிப் பணம் சேர்த்து வைத்திருந்தாள். "கரியிலே செஞ்சதுக்கா இவ்வளவு பணம்?" என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு அவளே, "வளையலைப் பெட்டியிலே பூட்டி வைப்பா, இதைக் கையிலே வச்சிருப்பா" என்று பணத்தை எடுத்துக் கொடுத்தாள். தீர்வை கொடுக்காமல் அங்கேயே வாங்கிக்கொள்ளச் சொன்னோம்.

எல்லாருக்கும் இது வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு ஒட்டுப்பலகைக் கிதார் போதும். அது முழு மரத்தைவிட ஈரத்தைத் தாங்கும், விலையும் குறைவு. முழு மரக் கிதார் வைத்திருப்போர் மழை படும் சுவரில் மாட்டாமல், உறையிட்ட பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் வையுங்கள். பூட்டிய காருக்குள் விடாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை கம்பியின் உயரத்தை அளந்து பாருங்கள். கரியிழையிலும் குறை உண்டு: உடைந்தால் நம்மூர்த் தச்சரால் சரிசெய்ய இயலாது. எஃகுக் கம்பிகள் கடற்காற்றில் துருப்பிடிக்கத்தான் செய்யும். வாசித்தபின் துடைக்க வேண்டும். ஊர்விட்டு ஊர் போகும் பிள்ளைக்கு, கருவியைப் பேண நேரமில்லாத பிள்ளைக்கு, அது ஏற்ற துணை.

பழைய கிதாரின் குதிரையை ஒட்டி, கம்பியைத் தாழ்த்தி வைத்திருக்கிறேன். இப்போது பேரன் கற்கிறான். சென்ற வாரம் அவன் வந்து, "தாத்தா, விரல் வலிக்குது" என்றான். நான் ஒன்றும் பேசவில்லை. அளவுகோலை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.