மணிக்கோபுரத்தை நகர்த்திய ஓவியர்

வெனிஸ் நகரத்து அக்காதெமியா சித்திரசாலையில், ஏறத்தாழ ஏழரை மீட்டர் அகலத்துக்கு விரிந்திருக்கும் ஜென்டிலே பெல்லினியின் 'சான் மார்க்கோ சதுக்கத்தில் ஊர்வலம்' என்னும் சித்திரத்தின் முன் நிற்கிறவர்கள், பொன்னொளி வீசும் தேவாலய முகப்பையும் அதன் முன்னுள்ள செங்கல் தளத்தையும் கண்டு பிரமித்து, எந்த அதிசயத்தைச் சொல்வதற்காக அது தீட்டப்பட்டதோ அதனைக் காணாமலே அகன்றுவிடக்கூடும்.

1444-ஆம் ஆண்டு, புனித மாற்குவின் திருநாளான ஏப்ரல் 25 அன்று, அருளப்பர் பெயரால் அமைந்த பக்த சபையார் தம்மிடமிருந்த திருச்சிலுவைத் துண்டினை விதானத்தின் கீழ் ஏந்திச் சென்றபோது, மண்டை உடைந்து கிடந்த தம் மகனுக்காக பிரெஷ்யா நகரத்து வர்த்தகர் ஒருவர் அவ்விடத்திலேயே முழந்தாளிட்டுப் பிரார்த்தித்தார். பிள்ளை பிழைத்தான் என்பது சபையாரின் விசுவாசம். வெள்ளங்கி தரித்தவர்களின் வரிசையில் விழுந்த இடைவெளியில், செவ்வாடையுடன் சிறியதாகத் தென்படுபவர் அவரே.

அதிசயத்தை இவ்வளவு அடக்கிவைத்த பெல்லினி, கட்டடங்களில் காட்டிய சிரத்தை அபாரமானது. தேவாலய வாயில்களின் மேலிருந்த பழைய மொசைக் சித்திரங்களுள் இடக்கோடியிலுள்ள 13-ஆம் நூற்றாண்டுச் சித்திரம் ஒன்றே இன்று எஞ்சியிருக்க, பிற்காலத்தில் மாற்றப்பட்டுவிட்ட ஏனையவற்றின் பூர்வ ரூபத்தை இந்தத் திரைச்சீலையைக் கொண்டே அறிகிறோம். இடப்புறம் இன்று நாம் காணும் கடிகாரக் கோபுரம் இதில் இல்லை. சித்திரம் முடிந்த 1496-இல்தான் அதன் கட்டுமானமே தொடங்கியது.

ஆயினும் அதே கை, மாபெரும் மணிக்கோபுரத்தை அதன் இடத்தினின்று பெயர்த்து வலப்புறம் ஒதுக்கிவிட்டது! குடியரசின் தலைவராகிய டோஜின் அரண்மனையும் தேவாலயமும் ஒருங்கே, மறைப்பின்றித் தோன்றவேண்டும் என்பதே காரணம். இதனைப் பொய் என்று தள்ள என் மனம் ஒப்பவில்லை. தெய்வத்தின் இல்லமும் அரசின் இல்லமும் ஒரே சுவரை ஒட்டி நிற்பதைத் தம் பெருமையாகக் கருதிய ஒரு ஜனசமூகத்துக்கு, கோபுரத்தின் இருப்பிடத்தைவிட அந்தச் சாமீப்பியமே முக்கியமான உண்மையாக இருந்தது.

மேலும், இச்சித்திரம் முதலில் இருந்தது அச்சபையாரின் மண்டபத்தில். நாள்தோறும் சதுக்கத்தைக் கடந்து வந்தவர்கள், தாம் அறிந்த வாயிலையும் குதிரைச் சிலைகளையும் தளத்தின் செங்கல்லையும் இதில் அடையாளம் கண்டு, இவையெல்லாம் மெய்யெனில் அந்த வர்த்தகரின் பிரார்த்தனையும் மெய்யே என்று நம்பவேண்டும் என்பதற்காகவே, ஓவியர் கல்லையும் பொன்னையும் அத்தனை பொறுமையாகத் தீட்டினார்.