காசு கொடுத்துப் பறிக்கும் ஆப்பிள்

"காசும் குடுத்து, நாமளே பறிச்சுக்கவும் வேணுமா? இது இன்னாப்பா கணக்கு?"

திருப்பாலைவனத்து அத்தையின் கேள்வி இது. மகள் கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கிறாள். அத்தை புரட்டாசியில் அங்கே போகிறார். வந்ததும் ஆப்பிள் தோட்டம், பரங்கித் தோட்டம் என்று கூட்டிப்போவதாக மகள் போனில் சொல்லியிருக்கிறாள். உள்ளே போக ஒரு கட்டணம், பறித்து நிரப்பும் பைக்குத் தனி விலை. டீயை ஆற்றிக்கொண்டே அத்தை கேட்டதை, அந்தப் பருவத்தில் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பல பெற்றோரும் மனசுக்குள் கேட்டிருப்பார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அத்தைக்கு இது வேடிக்கையாகத் தெரியாததற்குக் காரணம் உண்டு. அவர் ஊர்ப்பக்கம், பழவேற்காடு ஏரியோரத்தில் ஒரு பொருளைக் கையால் எடுப்பது என்றால் அது பிழைப்பு. வலையும் படகும் இல்லாத பெண்கள், முக்கியமாக இருளர் பெண்கள், மணிக்கணக்கில் தண்ணீரில் தவழ்ந்து, அடிச்சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பனையோலைப் பறிக்கூடையைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். இறாலின் கொம்பு விரலைக் கிழிக்கும், சிப்பி காலைக் கிழிக்கும். இந்த வேலைக்கு நுழைவுச்சீட்டு வைத்தால் யார் வருவார்கள்?

கனடாவிலும் பறிப்பது கூலி வேலைதான். ஆப்பிள் அடிபட்டால் கறுத்துவிடும் என்பதால் சாப்பிடுகிற ஆப்பிளை இன்னும் பெரும்பாலும் கையால்தான் பறிக்கிறார்கள். சாகுபடிச் செலவில் பெரிய பங்கை அந்த ஆள்கூலி தின்றுவிடும். உள்ளூரில் ஆள் கிடைக்காமல் 1966இல் ஜமைக்காவிலிருந்து ஆட்களைக் கொண்டுவர கனடா அரசு ஒரு திட்டம் போட்டது. 1974இல் மெக்சிகோவும் அதில் சேர்ந்தது. இன்றும் அந்தத் திட்டம் நடக்கிறது. வருஷத்துக்கு அதிகபட்சம் 8 மாதம் வேலை, பிறகு ஊர் திரும்பிவிட வேண்டும். அங்கே கடையில் விற்கும் உள்ளூர் ஆப்பிளில் பெரும்பகுதி இவர்கள் கைபட்டு வருவதுதான்.

இப்போது தோட்டக்காரர் பக்கமிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்களே வந்து பறித்தால் அவருக்குப் பறிகூலி மிச்சம். பெட்டி, லாரி, குளிர்பதனக் கிடங்கு, மொத்த வியாபாரி, எதுவும் நடுவில் இல்லை. சில்லறை விலை அன்றே கைக்கு வருகிறது. 1930களின் பெருமந்தத்தில் விளைச்சலுக்கு விலை இல்லாமல், பறிக்கிற கூலிக்கே கட்டாது என்ற நிலை வந்தபோது அமெரிக்க விவசாயிகள் 'நீங்களே வந்து பறித்துக்கொள்ளுங்கள்' என்று பலகை மாட்டத் தொடங்கினார்கள். அன்றைக்கு அது வாங்குகிறவருக்கும் மலிவு. இன்றைக்கு அப்படியில்லை. டிராக்டர் சவாரி, சோளக்கொல்லைக்குள் வழி தேடும் விளையாட்டு, சூடான டோனட், ஆப்பிள் சைடர் என்று அதைச் சுற்றி ஒரு திருவிழாவே கட்டிவிட்டார்கள். பல இடங்களில் பழத்தைவிட இந்தத் திருவிழாவில்தான் காசு நிற்கிறது என்பது என் எண்ணம். அதில் தப்பொன்றும் இல்லை. ஒரு ஆலங்கட்டி மழை அடித்தால் வருஷத்து விளைச்சல் போய்விடுகிற தொழில் அது.

"நம்ம ஊர்ல ஒரு கன்னு வெச்சா வராதா?" என்றார் அத்தை.

செடி வரும், காய்ப்பது கஷ்டம். ஆப்பிள் மரம் குளிர்காலத்தில் இலையெல்லாம் கொட்டிவிட்டுத் தூங்கும். ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே சுமார் 1,000 மணி நேரக் குளிரை வாங்கினால்தான் வழக்கமான ரகங்களின் மொட்டு ஒழுங்காக விழித்துப் பூக்கும். பழவேற்காட்டில் மார்கழிப் பனியில்கூட அந்த அளவு குளிர் வராது. கொடைக்கானலில் காய்க்கிறது. அங்குள்ள ஆராய்ச்சி நிலையம் கே.கே.எல்.1 என்று ஒரு ரகமே வெளியிட்டிருக்கிறது. சமவெளி வெயிலிலும் காய்க்கும் எச்.ஆர்.எம்.என்.99 என்ற ரகத்தை இமாச்சலப் பிரதேசத்து விவசாயி ஹரிமன் சர்மா உருவாக்கினார். அதற்காக 2025இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆசைக்கு அதில் ஒரு கன்று வைத்துப் பார்க்கலாம், ஆனால் உப்புக்காற்றுக்கு நான் உத்தரவாதம் இல்லை.

டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி அக்டோபர் முடிய அறுவடை. ஒரே நேரத்தில் எல்லாம் பழுக்காது. மெக்கின்டாஷ் செப்டம்பர் நடுவில், ஹனிகிரிஸ்ப் அதை ஒட்டிப் பின்னால், ஃபூஜி அக்டோபரில். மெக்கின்டாஷ் அந்த மண்ணின் பழம். 1811இல் கிழக்கு ஒன்டாரியோவில் ஜான் மெக்கின்டாஷ் என்பவர் காட்டைத் திருத்தும்போது கண்ட ஒரு கன்றிலிருந்து வந்தது. ஆப்பிள் விதை போட்டால் தாய்மரத்துப் பழம் வராது, ஒட்டுத்தான் கட்ட வேண்டும். உலகத்தில் இருக்கிற மெக்கின்டாஷ் மரம் அத்தனையும் அந்த ஒரு கன்றின் ஒட்டு.

உள்ளே போனதும் கண்ட மரத்தில் கைவைக்க முடியாது. இன்றைக்கு இந்த ரகம், இந்த வரிசை என்று பலகை வைத்திருப்பார்கள். பழவேற்காட்டுக்காரருக்கு இதைப் புரியவைப்பது சுலபம்: ஏரியில் யார் எந்த இடத்தில் எந்த நாளில் வலை கட்டலாம் என்று பாடு பிரிப்பதைப் போல. கயிறு கட்டி மறித்த வரிசைக்குள் போகாதீர்கள். அது பழுக்காததாக இருக்கும், அல்லது கூலியாட்கள் பறிக்க ஒதுக்கியதாக இருக்கும்.

மரம் ஏறத் தெரியாதே என்ற பயம் வேண்டாம். இப்போதுள்ள தோட்டங்களில் பெரும்பாலும் குட்டை மரங்கள்தான். இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து நூறு வருஷத்துக்கு முன் பரவிய எம்.9 போன்ற வேர்க்கன்றுகளின் மேல் ஒட்டுக் கட்டுவதால் மரம் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலேயே நின்றுவிடும். குழந்தையும் பறிக்கலாம், முட்டிவலிக்காரரும் பறிக்கலாம்.

பறிக்கும் விதத்தில்தான் எல்லாரும் சறுக்குவார்கள். மாங்காய் பறித்த கை எதையும் கீழ்நோக்கி இழுக்கும். ஆப்பிளை அப்படி இழுத்தால் பழத்தோடு ஒரு குட்டைக் கிளையும் பிய்ந்து வரும். அடுத்த வருஷத்துப் பூமொட்டு அந்தக் கிளையில்தான் உட்கார்ந்திருக்கும். ஆகவே பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, மேலே தூக்கி, லேசாகத் திருகுங்கள். பழுத்திருந்தால் காம்போடு தானே கைக்கு வரும். மல்லுக்கட்டினால் இன்னும் நாள் இருக்கிறது என்று அர்த்தம், விட்டுவிடுங்கள். சிவப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது. சிவப்புக்கு அடியில் தெரியும் பச்சை, மஞ்சளுக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். வெயில் படுகிற வெளிப்பக்கத்துப் பழம் முதலில் பழுக்கும். பையில் தொப்பென்று போடாமல் மெதுவாக வையுங்கள். ஒரு பழம் நசுங்கினால் கூட இருப்பதையும் கெடுக்கும். விழுந்து கிடக்கும் பழங்களில் குளவி மொய்க்கும், குனிகிறபோது கவனம். பறித்ததைத் தோட்டத்திலேயே கடித்துப் பார்ப்பதைச் சிலர் அனுமதிப்பார்கள், சிலர் கூடாது என்பார்கள். கேட்டுவிட்டுக் கடியுங்கள்.

பரங்கித் தோட்டத்தில் பறிப்பதற்கு அதிகம் இல்லை. பல பண்ணைகளில் கொடியிலிருந்து முன்பே வெட்டி வயலில் போட்டிருப்பார்கள், நாம் போய்ப் பொறுக்க வேண்டியதுதான். கொடியில் இருந்தால் கத்தரிக்கோலால் காம்பை நாலு விரல் நீளம் விட்டு வெட்ட வேண்டும். காம்பைப் பிடித்துத் தூக்கினால் அது ஒடியும், ஒடிந்த இடத்தில் அழுகல் பிடிக்கும். அடியில் கைகொடுத்துத் தூக்குங்கள், குழந்தையைத் தூக்குகிற அதே கைதான்.

இங்கே அத்தைக்கு ஒரு எச்சரிக்கை சொன்னேன். குவியலில் பெரிதாக, அழகாக, செக்கச்செவேலென்று இருக்கும் காயைப் பார்த்ததும் பரங்கிக்காய்ப் புளிக்கறி நினைவு வரும். அது சமையலுக்கான காய் அல்ல. அக்டோபர் 31இல் வரும் ஹாலோவீனுக்கு உள்ளே குடைந்து, கண்ணும் வாயும் வெட்டி, விளக்கு வைப்பதற்கென்றே வளர்ப்பது. நார், தண்ணீர், சப்பென்ற ருசி. அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்துகொண்டிருந்தவர்கள், அமெரிக்கக் கண்டத்துக்குப் போனபின் அங்கேயே விளையும் பரங்கிக்கு மாறினார்கள். நம்மவர்கள் ஏறக்குறைய அதே பருவத்தில் ஆயுத பூஜைக்குக் கல்யாணப் பூசணிக்குக் குங்குமம் தடவி நடுரோட்டில் உடைக்கிறோம். அவர்கள் வாசலில் வைத்துப் பேயை விரட்டுகிறார்கள், நாம் உடைத்துத் திருஷ்டி கழிக்கிறோம். வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அவர்கள் முறைதான் நல்லது. குழம்புக்கு வேண்டுமானால் 'பை பம்ப்கின்' என்று எழுதியிருக்கும் சின்னக் காயைக் கேளுங்கள், சதை கெட்டியாகவும் இனிப்பாகவும் இருக்கும். பெரிய காயைக் குடையும்போது வரும் விதையை மட்டும் வீணாக்காமல் கழுவி உப்புப் போட்டு வறுத்துக்கொள்ளலாம்.

கிளம்புமுன் தோட்டத்துக்குப் போன் போட்டு எந்த ரகம் மிச்சமிருக்கிறது என்று கேளுங்கள். சனி, ஞாயிறு கூட்டத்தில் நல்ல மரங்கள் மத்தியானத்துக்குள் காலியாகிவிடும். காலையில் புல்லெல்லாம் பனியில் நனைந்திருக்கும் என்பதால் செருப்போடு போகாதீர்கள், ஷூவும் ஸ்வெட்டரும் வேண்டும். கொண்டுவந்த பழத்தைக் கழுவாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள், சாப்பிடும்போது கழுவினால் போதும். ஆப்பிளிலிருந்து வரும் எத்திலீன் வாயு பக்கத்தில் இருக்கும் கீரையையும் காயையும் சீக்கிரம் பழுக்கவைத்துவிடும். அதனால் தனிப் பையில் வைப்பது நல்லது.

அத்தையின் கணக்குக்குப் பதில்: பழத்தின் விலையாகப் பார்த்தால் நஷ்டம்தான், அதே வாரத்தில் கடையிலேயே மலிவாகக் கிடைக்கும். பேரப்பிள்ளைகளோடு ஒரு பகல் வெயிலில் நடப்பதற்கான காசு என்று வைத்துக்கொண்டால் ஒருதடவை கொடுக்கலாம். பை வாங்கும்போது மட்டும் 'பெக்' என்கிற சின்னப் பையையே கேளுங்கள். அதிலேயே சுமார் நாலரைக் கிலோ பிடிக்கும்.