டர்போ பிக்கப்புக்கு ப்ரீமியம் பெட்ரோல்: எப்போ லாபம், எப்போ தண்டம்?

அமெரிக்காவில் பிக்கப் வாங்கிய நம்மாட்கள் பலர் கேட்கும் கேள்வி இது: "டர்போ எஞ்சினாச்சே, ப்ரீமியம் போட்டாத்தான் நல்லதாமே?" ஒரு டேங்க் 36 கேலன் பிடிக்கிற வண்டியும் உண்டு. கேலனுக்கு ஒரு டாலர் கிட்ட வித்தியாசம்னா சும்மா விடற காசு இல்லை. அதனால ஃபோர்டு எஃப்-150 வண்டியில் வரும் 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் எஞ்சினையே உதாரணமா வச்சுக்கிட்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். இங்க பங்க்கில் 87, 89, 91 அல்லது 93 என்று போட்டிருக்கும். இந்தியாவில் 91, 95 என்று பார்த்துப் பழகினவங்களுக்கு 87 என்னவோ மட்ட ரகம் மாதிரி தோணும். அப்படி இல்லை. இந்தியாவில் சொல்வது ஆர்.ஓ.என் அளவு. அமெரிக்காவில் இரண்டு விதமான சோதனைகளின் சராசரியைப் போடுறாங்க. இங்கத்த 87 என்பது ஏறக்குறைய அங்கத்த 91, 92. இங்கத்த 93 என்பது அங்கத்த 98-க்குப் பக்கத்தில் வரும்.

சரி, ஆக்டேன் எண் எதைச் சொல்லுது? பெட்ரோலின் "சக்தி"யை இல்லை. ப்ரீமியத்துக்குள்ள கூடுதல் ஆற்றல் எதுவும் ஒளிஞ்சிருக்கல. அழுத்தத்தையும் சூட்டையும் தாங்கிக்கிட்டு, ஸ்பார்க் பிளக் பத்த வைக்கிற வரைக்கும் தானா வெடிக்காம இருக்கிற பொறுமைதான் ஆக்டேன். அந்தப் பொறுமை போதலன்னா, பிளக்கில் கிளம்பின நெருப்பு பரவி வர்றதுக்கு முன்னாடியே சிலிண்டர் மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானா வெடிக்கும். இதுதான் நாக்கிங். தகர டப்பாவில் கோலிகுண்டு போட்டு ஆட்டின மாதிரி சத்தம் வரும். கடுமையா, தொடர்ந்து நடந்தா பிஸ்டனுக்கு ஆபத்து.

டர்போ எஞ்சினில் இந்தப் பிரச்சினை ஏன் அதிகம்? டர்போ காற்றை அமுக்கி உள்ளே தள்ளுது. அமுக்கினா காற்று சூடாகும். இன்டர்கூலர் கொஞ்சம் ஆற்றினாலும், சிலிண்டருக்குள்ள போற காற்று அளவிலயும் அழுத்தத்திலயும் கூடுதல்தான். 2017-ல் வந்த இரண்டாம் தலைமுறை ஈகோபூஸ்டில் கம்ப்ரஷன் விகிதமே 10.5. அதுக்கு மேல டர்போவும் அமுக்குது.

பழைய காலத்து எஞ்சினா இருந்தா 87 போட்டதும் தட்ட ஆரம்பிச்சிருக்கும். இப்போ அப்படி இல்லை. நாக் சென்சார் அந்த அதிர்வைப் பிடிச்சதும், கம்ப்யூட்டர் பிளக்கைக் கொஞ்சம் தாமதமா பத்த வைக்கும். தேவைப்பட்டா டர்போ பூஸ்டையும் குறைக்கும். எஞ்சின் தப்பிச்சுக்கும். விலையா கொஞ்சம் குதிரைத்திறனையும் மைலேஜையும் கொடுத்துடும். ஆக, 87 போட்டா வண்டி கெட்டுப்போகும் என்பது சரியில்லை. தயாரிப்பாளரே 87 போதும்னுதான் சொல்றார். ஆனா வெயிலிலும், டிரெய்லர் இழுக்கும்போதும் 91-க்கு மேல் போட்டா நல்லதுன்னு அதே கையேடு சொல்லுது.

"கொஞ்சம்"னா எவ்வளவு? 2019-ல் கார் அண்ட் டிரைவர் பத்திரிகை இதே எஞ்சின் உள்ள எஃப்-150-யை இரண்டு பெட்ரோலிலும் ஓட்டிப் பார்த்தது. 93 போட்டப்போ சக்கரத்தில் 380 குதிரைத்திறன், 87-ல் 360. பூஜ்ஜியத்திலிருந்து 60 மைல் வேகம் பிடிக்க 93-ல் 5.3 வினாடி, 87-ல் 5.9. 75 மைல் வேகத்தில் மைலேஜ் கேலனுக்கு 17.6-லிருந்து 17.0 ஆனது. அதாவது ப்ரீமியத்தில் சுமார் மூன்றரை சதவீதம் கூடுதல். வித்தியாசம் நிஜம்தான். ஆனா அதே சோதனையில் ஹோண்டா சி.ஆர்-வியின் 1.5 லிட்டர் டர்போ எஞ்சினுக்குச் சொல்லிக்கிற பலன் எதுவும் கிடைக்கல. அதனால "டர்போ" என்ற பேரை வச்சு முடிவு பண்ண முடியாது. அந்த எஞ்சினின் கம்ப்யூட்டரை எந்தப் பெட்ரோலுக்கு ஏத்த மாதிரி அமைச்சிருக்காங்க என்பதுதான் முக்கியம்.

இப்போ காசு. வருஷத்துக்கு 15,000 மைல், கேலனுக்கு 20 மைல், ரெகுலர் 3.20 டாலர், ப்ரீமியம் 4.10 டாலர்னு வச்சுக்குவோம்.

ரெகுலர்: 750 கேலன், 2,400 டாலர்.
ப்ரீமியம் (மைலேஜ் 3.5 சதவீதம் கூடினா): சுமார் 725 கேலன், 2,970 டாலர்.

வருஷத்துக்கு 570 டாலர் நஷ்டம். மைலேஜில் மட்டும் இந்தக் காசைத் திருப்பி எடுக்கணும்னா, விலை வித்தியாசம் கேலனுக்கு 11 சென்டுக்குள்ள இருக்கணும். அது நடக்கிற கதையா தெரியல. எஞ்சினைச் சுத்தமா வைக்கும்னு போடறவங்களுக்கு ஒண்ணு: "டாப் டியர்" முத்திரை உள்ள பங்க்கில் ரெகுலரிலும் அந்தச் சுத்திகரிப்பு மருந்து கலந்தே ஆகணும். அதுக்காக ப்ரீமியம் வேண்டாம்.

அப்போ எப்பதான் போடறது? என் முடிவு இது.

தினமும் வேலைக்குப் போய் வர, கடைக்குப் போக: 87 போதும்.

கனமான டிரெய்லர், மலை ஏற்றம், டெக்சாஸ் ஆகஸ்ட் வெயில்: 91 அல்லது 93 போடுங்க. எஞ்சின் முழு பூஸ்டில் நிமிஷக்கணக்கா உழைக்கிற நேரம் இது. கம்ப்யூட்டர் பின்வாங்கினா அந்த 20 குதிரையும் வேணும்கிறப்போதான் காணாம போகும். பயணத்துக்கு முன்னாடி டேங்க் காலியாகும் நேரம் பார்த்து நிரப்புங்க. பாதி டேங்க் 87-ல் பாதி 93 ஊத்தினா 90 தான் கிடைக்கும்.

கொலராடோ மாதிரி உயரமான ஊர்களில் விற்கும் 85: டர்போ வண்டிக்கு வேண்டாம். அங்க காற்று லேசு என்பதால் டர்போ இல்லாத பழைய எஞ்சின்கள் சமாளிச்சுக்கும். டர்போவோ, குறையற காற்றை அமுக்கி ஈடுகட்டிடும். அதனால உயரம் தர்ற சலுகை அதுக்குக் கிடையாது.

உங்க வண்டி ஈகோபூஸ்ட் இல்லைன்னா, கையேட்டில் எரிபொருள் பக்கத்தைத் திறந்து ஒரு வார்த்தையைத் தேடுங்க. ப்ரீமியம் "கட்டாயம்"னு இருந்தா மறுபேச்சில்லாம அதைப் போடுங்க. "பரிந்துரை"ன்னு இருந்தா மேலே சொன்ன கணக்கு. டொயோட்டா டன்ட்ராவின் இரட்டை டர்போ மாதிரி 87 மட்டும் போதும்னு இருந்தா, மிச்சமாகிற காசுக்கு நேரத்துக்கு ஆயில் மாத்துங்க. 87 போட்டு ஓட்டும்போது தட்டுற சத்தம் விடாம கேட்டா, ப்ரீமியம் ஊத்தி அமுக்கப் பார்க்காம மெக்கானிக்கிட்ட காட்டுங்க.