நகர்ப்படத்தில் எதை வெட்டுவது?

நகரத்தைப் படம் பிடித்தல் எளிது. பிடித்த படத்திற்கு எல்லை வகுத்தலே அரிது. மாடங்களும் வீதிகளும் விளம்பரப் பலகைகளும் மின்கம்பிகளும் ஒரே சட்டத்துள் நெருங்கி நிற்பதால், கண் தங்குமிடம் அறியாது அலைகின்றது. எனவே ஓரங்களை வெட்டுதல் தேவையாகின்றது.

1932-இல் பாரிஸ் நகரின் சேன் லசார் புகைவண்டி நிலையத்தின் பின்புறம், தேங்கிய நீரைத் தாவிக் கடக்கும் ஒருவரை வேலியின் இடைவெளி வழியே படமெடுத்தார் ஆன்றி கார்ட்டியே பிரெசோன். வெட்டுதலை விரும்பாதவர் அவர். எனினும் வேலி மறைத்த இடப்புறம் வெட்டப்பட்டது, படம் சிறந்தது.

ஆயின் இதில் இடரும் உண்டு. 1838-இல் தாகேர் அதே நகரின் தாம்ப்பிள் வீதியைப் படமெடுத்தார். ஒளி பதியச் சில நிமிடங்கள் ஆனமையின், ஓடிய வண்டிகளும் நடந்த மக்களும் பதியவில்லை. காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள நின்ற ஒருவரின் உருவம் கீழே இடப்புறத்தில் பதிந்தது. மனித உருவம் காணப்படும் மிகப் பழைய ஒளிப்படம் அதுவே எனக் கருதப்படுகின்றது. கூரைகளின் அழகே போதுமெனக் கீழ்ப்பகுதியை வெட்டியிருப்பின் அம்மனிதரை நாம் இழந்திருப்போம்.

ஆதலின் நாம் செய்யத்தக்கது யாது? 'ட' எழுத்தை ஒத்த இரு அட்டைகளை அச்சுப்படத்தின்மேல் வைத்து நகர்த்திப் பார்ப்போம். கோபுரம் முதன்மையெனில் நெடுஞ்சட்டமும், கூரைவரிசை முதன்மையெனில் அகன்ற சட்டமும் பொருந்தும். கட்டடங்களின் செங்குத்துக் கோடுகள் சாயாதிருத்தல் நன்று. இறுதியாக, வெட்டவிருக்கும் ஓரங்களைக் கூர்ந்து நோக்குவோம். அங்கே மனிதர் எவரேனும் நிற்பாராயின், கத்தரியைச் சற்றே நிறுத்தி மீண்டும் எண்ணுவோம்.