திறப்பு யாரிடம் இருக்கின்றது?

சகோதரிகளே! கட்டாரில் தொழில் பார்க்கும் மகனுக்கு, நகையை அடகு வைத்த விடயத்தை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது எத்தனையோ கணனிகளைத் தாண்டித்தான் அவரிடம் போய்ச் சேருகின்றது. இடையில் எவரும் வாசித்துவிட மாட்டார்களா?

வாசிக்க முடியாதபடி எழுதும் கலை மிகப் பழையது. ஓர் எழுத்துக்குப் பதிலாக வேறோர் எழுத்தைப் போட்டு எழுதுவார்கள். எந்தக் குறி அதிகம் வருகின்றது என்று எண்ணியே அதனை உடைத்துவிடலாம் என்று 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்-கிந்தி விளக்கினார். பின்னர் வலுவான முறைகள் வந்தன. ஆனாலும், திறப்பை மற்றவரிடம் இரகசியமாகச் சேர்ப்பது எப்படி என்ற தலையிடி தீரவில்லை.

1976இல் டிஃபி, ஹெல்மன் என்ற இரு அமெரிக்கர்கள் அதற்கு வழிகாட்டினர். அவ்வழியில் வந்த முறையை இப்படிச் சொல்லலாம். மகன் ஒரு பூட்டைத் திறந்தபடி உங்களுக்கு அனுப்புகிறார். திறப்பு அவரிடமே இருக்கின்றது. நீங்கள் கடிதத்தைப் பெட்டியில் வைத்து, அந்தப் பூட்டைப் போட்டு அனுப்புகிறீர்கள். பூட்டிய பின் உங்களாலும் திறக்க முடியாது! கணனியில் பூட்டும் திறப்பும் மிகப் பெரிய எண்கள்தாம். 2016 முதல் வாட்ஸ்அப்பில் குடும்பத்தவர் பேசிக்கொள்வதெல்லாம் இவ்வாறு பூட்டப்பட்டே போகின்றது.

சரி, தபால்காரரே மகனின் பூட்டை ஒளித்துவிட்டுத் தன் பூட்டைத் தந்தால்? திறந்து வாசித்துவிட்டு, மகனின் பூட்டைப் போட்டு அனுப்பிவிடுவார். இருவருக்கும் தெரியவராது. அதற்காகவே ஒவ்வொரு உரையாடலுக்கும் 60 இலக்கப் பாதுகாப்பு எண் ஒன்று உண்டு. மகனின் பெயரை அழுத்தி, 'என்கிரிப்ஷன்' என்ற இடத்தில் பாருங்கள். இருவரது தொலைபேசியிலும் அது ஒன்றாக இருந்தால் பூட்டு அவருடையதே.

ஆனால் திருடன் பூட்டை உடைக்க மினக்கெடுவதில்லை. "தவறுதலாக உங்களுக்கு 6 இலக்கம் ஒன்று வந்திருக்கும், அனுப்பிவிடுங்கள்" என்று தெரிந்தவர் பெயரில் கேட்பான். கொடுத்தால் உங்கள் கணக்கு அவன் தொலைபேசியில் திறக்கும். இனிப் புதிய பூட்டு, திறப்பு அவனிடம். "அவசரமாகக் காசு வேண்டும்" என்று உங்கள் தாத்தாவுக்கு அவன் எழுதுவதும் ஒழுங்காகப் பூட்டப்பட்டே போகும்!

அறிவித்தலை இயக்கி வைத்திருந்தால், பாதுகாப்பு எண் மாறியதாகத் தாத்தாவின் திரையில் ஒரு வரி தோன்றும். புதுத் தொலைபேசி வாங்கினாலும் அது தோன்றும்தான். ஆகவே காசு அனுப்புமுன் அழைத்துக் குரலைக் கேட்கச் சொல்லுங்கள். அமைப்புகளில் 'இரு படிச் சரிபார்ப்பு' என்பதில் நீங்களாக ஓர் எண்ணை வைத்துவிட்டால், குறுந்தகவலில் வந்த இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு எவனும் உள்ளே வரமுடியாது. இரண்டு நிமிட வேலை, இன்றைக்கே செய்துவிடலாம்.