துபாய்ச் சரக்கும் முகவரின் கடிதமும்

கடந்த போகத்தில் ஒருநாள் அஸருக்குப் பிறகு, கந்தளாயில் எங்கள் பக்கத்துக் கடைத் தம்பி ஒரு கடிதத்துடன் வந்தார். துபாயிலிருந்து இருபது நீர்ப்பம்பிகளை முறைப்படி வரி கட்டி இறக்கியிருந்தார். எல்லாம் அசல். ஆனால், "எமது வர்த்தகக் குறியுள்ள பொருளை அனுமதியின்றி விற்கக் கூடாது" என்று ஏக முகவரின் சட்டத்தரணி எழுதியிருந்தார். "காக்கா, முழு முதலும் இதிலதான் கிடக்கு" என்றார் தம்பி.

அன்பான வர்த்தகர்களே, இது நம்மில் பலருக்கும் வரக்கூடிய சிக்கல்தான். உரிமையாளர் ஒரு பொருளை விற்றுக் காசு வாங்கிவிட்டால் அந்தப் பொருள் மீதான அவரது பிடி தீர்ந்துவிடும். இதுவே பொது விதி. முதல் விற்பனை எங்கே நடக்க வேண்டும் என்பதில்தான் நாடுகள் வேறுபடுகின்றன. உலக வர்த்தக அமைப்பின் ட்ரிப்ஸ் ஒப்பந்தமும் 6ஆம் உறுப்புரையில் இதனை அந்தந்த நாட்டுக்கே விட்டுவிட்டது.

ஒஸ்திரியக் கம்பனி ஒன்று பழைய பாணி மூக்குக்கண்ணாடிச் சட்டங்களை பல்கேரியாவுக்கு விற்றது. அவை திரும்பவும் ஒஸ்திரியாவுக்கே விற்பனைக்கு வந்தன. ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்கு வெளியே விற்றதால் குறியின் உரிமை தீராது என்று 1998இல் ஐரோப்பிய நீதிமன்றம் கூறியது. இந்தியாவில் சாம்சங் பிரின்டர் வழக்கில், 2012 ஒக்டோபரில் டில்லி மேல் நீதிமன்றம் மாறாகத் தீர்ப்பளித்தது: எந்த நாட்டில் விற்றாலும் உரிமை தீரும், ஆனால் இது இறக்குமதிச் சரக்கு, சாம்சங் உத்தரவாதம் கிடையாது என்று கடையில் தெளிவாக எழுதி வைக்க வேண்டும். புத்தகங்களின் பதிப்புரிமையில் அமெரிக்க உயர் நீதிமன்றமும் 2013இல் தாய்லாந்து மாணவர் ஒருவரின் பக்கமே நின்றது.

நமது நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. அதன் 122ஆம் பிரிவின்படி, சட்டப்படி இறக்குமதியாகி, எந்த மாற்றமும் செய்யப்படாத பொருளில் அந்தக் குறியைப் பயன்படுத்துவதை உரிமையாளர் தடுக்க முடியாது. போலிச் சரக்குக்கு இது பொருந்தாது.

தம்பியின் கடைக்குப் போய்ப் பார்த்தேன். வாசலில் "கம்பனி உத்தரவாதம் உண்டு" என்று பலகை தொங்கியது. "சரக்கில் பிழையில்லை, பலகையில்தான் பிழை. முதலில் இதைக் கழற்றுங்க" என்றேன். கழற்றினார். "கடை உத்தரவாதம் ஆறு மாதம்" என்று எழுதிப் போட்டார். துபாய் பில், சுங்கப் பத்திரம் இரண்டையும் இணைத்துச் சட்டத்தரணி மூலம் பதில் அனுப்பினார். இதுவரை மறு கடிதம் வரவில்லை.

பில்லைப் பத்திரப்படுத்துங்கள். லேபலைச் சுரண்டாதீர்கள். இல்லாத உத்தரவாதத்தைச் சொல்லி விற்காதீர்கள். கடிதம் வந்தால் பயந்து சரக்கைத் திருப்பிக் கொடுக்க முன், ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.