நீலம் பாரிக்கும் காளான்

மெக்ஸிகோ தேசத்தின் வாஹாக்கா மலைப்பிரதேசத்தில் மழைக்காலத்தில் முளைக்கும் சில சின்னஞ்சிறு காளான்களின் தண்டை விரலால் நசுக்கினால், அடிபட்ட உடம்பு கன்றிப்போவதைப் போல, அந்த இடம் சற்று நேரத்தில் நீலம் பாரித்துவிடும். காளானில் உறங்கும் சைலோசைபின் என்னும் வஸ்து, காயம் பட்டவுடன் தன்மேல் போர்த்திய பாஸ்பேட்டை உதறிச் சைலோசினாகி, காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடுவதால் விளையும் நிறம் அது. தின்றவன் வயிற்றுக்குள்ளும் பாஸ்பேட் இவ்விதமே கழன்றுவிடுகிறது; மயக்குவது சைலோசினே.

இது டிரிப்டமின் வம்சத்தைச் சேர்ந்தது. ஒட்டிப் பிறந்த அறுகோண, ஐங்கோண வளையங்களும், அவற்றிலிருந்து வால்போல் நீண்டு நைட்ரஜன் அணுவில் முடியும் சிறு சங்கிலியுமே அவ்வம்சத்தின் அங்க லட்சணம். நம் சரீரம் இதற்கு அந்நியமன்று. பாலிலும் பருப்பிலும் கிடைக்கும் டிரிப்டோபனிலிருந்து உடம்பு தானே செய்துகொள்ளும் செரடோனினும் இவ்வம்சமே. செரடோனினில் ஐந்தாம் ஸ்தானத்தில் அமர்ந்த பிராணவாயு அணு சைலோசினில் நான்காம் ஸ்தானத்துக்கு நகர்ந்திருக்கிறது, வால்நுனியில் இரண்டு மெதில் தொகுதிகள் ஏறியிருக்கின்றன, அவ்வளவே பேதம். ஆயினும் செரடோனினுக்கென மூளையில் அமைந்த ஏற்பிகளில் இந்தப் பங்காளி போய் அமர்ந்ததும், நிறங்கள் ஜொலிக்கின்றன, காலம் நீள்கிறது, நான் என்னும் எல்லை கரைகிறது. சிலரைப் பெரும் பீதியும் பற்றிக்கொள்கிறது.

காளானில் மயக்கும் வஸ்து எதுவெனத் தேடிய பாஸெல் நகரத்து இரசாயன விஞ்ஞானி ஆல்பர்ட் ஹாஃப்மன், பிராணிகளிடம் செய்த பரீட்சைகள் தெளிவான விடை தராமற்போகவே, உலர்ந்த காளான்கள் 32-ஐ, 2.4 கிராம் எடையளவு, தாமே தின்றார். இரத்த அழுத்தம் பார்க்கக் குனிந்த வைத்தியர் அவர் கண்ணுக்கு ஆஸ்டெக் பூசாரியாகத் தோன்றினாராம். அந்தத் துணிச்சலை மெச்சுவதா, கண்டிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. 1958-ல் சைலோசைபின், சைலோசின் ஆகிய இரு வஸ்துக்களும் பிரித்தெடுக்கப்பட்ட செய்தி வெளியாயிற்று.

1962-ல் அவர் தம் சோதனைச்சாலையில் செய்த சைலோசைபின் மாத்திரைகளோடு வாஹாக்கா மலையிலுள்ள ஹுவாட்லா கிராமத்துக்குச் சென்று, காளானைத் தெய்வப் பிரசாதமாகக் கருதி நோய் தீர்த்துவந்த மஸாடெக் இனத்து மூதாட்டி மரியா ஸபினாவிடம் அவற்றைக் கொடுத்தார். மென்று தின்னும் காளான் வாயிலேயே ஊறத் தொடங்கும். மாத்திரையோ வயிற்றில் கரைந்தாக வேண்டும். அரை மணி கடந்தும் ஒன்றும் நிகழாததால் கூடியிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். பிறகு பிடித்துக்கொண்டது. விடிந்ததும் அம்மூதாட்டி, காளானின் சக்தி இதிலும் குறைவின்றி இருக்கிறதென்று ஒப்புக்கொண்டு, காளான் முளைக்காத மாதங்களிலும் இனி வருவோருக்கு உதவலாமென்று சந்தோஷப்பட்டாளாம்.